ஆர்டித்துக்கு மட்டும் தெரிந்த சேதி

பிப்ரவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்டித் வாஸ்லரின் அலுவலகப் பின்கதவை யாரோ தட்டினார்கள். ஆஸ்ட்ரம் ஊரில் வீடு விற்கிறவளின் பின்கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. விவாகரத்துக்குத் துணிந்தவர்கள் ஒரு வகை, இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டவர்கள் இன்னொரு வகை. இதில் யாரோ என்று நினைத்துத்தான் ஆர்டித் கதவைத் திறந்தாள். வெளியே பனியில் நின்றது ஜோலின் ப்ராட்டர், பன்றி இறைச்சி ஆலை மேலாளர் கர்ட்டின் மனைவி.

டன்மோர் கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுக்கச் சேர்த்தாலும் பதினோராயிரம் தலை தேறாது. அதில் ஆயிரத்து நூறு பேருக்கு ஆலையில் வேலை. மற்றவர்கள் அந்த ஆயிரத்து நூறு பேருக்கு முடி வெட்டினார்கள், பல் பிடுங்கினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், ஆலைக்குப் பன்றி வளர்த்தார்கள். ஆர்டித் அவர்களுக்கு வீடு விற்றாள்.

ஜோலின் கோட்டைக் கழற்றவில்லை. தன் வீட்டை விற்றுத் தர வேண்டும் என்றாள். முற்றத்தில் விற்பனைப் பலகை நடக்கூடாது, கணினியில் ஏற்றக்கூடாது, ஊருக்குள் யாரிடமும் காட்டக்கூடாது, வெளியூர் ஆளாகப் பார்க்க வேண்டும், ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். அந்த வீட்டின் சமையலறையைப் போன இலையுதிர் காலத்தில்தான் இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் ஜோலின் அந்தக் கருங்கல் மேடையைத் தடவித் தடவிக் காட்டியது ஆர்டித்துக்கு ஞாபகம் வந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கர்ட்டுக்கு மாற்றலா?"

"என்கிட்ட ஒண்ணும் கேக்காத, ஆர்டித்."

"ஆலைதானா?"

ஜோலின் ஜன்னலைப் பார்த்தாள். திரை மூடித்தான் இருந்தது. "வாங்குறதுக்கு ஒருத்தர் பேசிட்டிருக்கார். அவர் வாங்கிட்டா ஆலை ஓடும். இது இப்ப வெளிய போச்சுன்னா அவரும் ஓடிருவார், அப்புறம் ஏப்ரல் வரைக்கும்கூட நடத்த மாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீ ஒண்ணும் கேக்கல."

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாடிக்கையாளர் சொன்னது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று மூன்றாவது பத்தியில் அச்சடித்திருந்தது. முப்பத்தொன்பது வருடமாக எத்தனையோ பேருக்கு நீட்டிய தாள்தான். அன்றைக்குத்தான் ஆர்டித் அந்தப் பத்தியை முழுசாகப் படித்தாள்.

ஜோலின் போன பிறகு அவள் பின்கதவைத் தாழ்ப்போட்டுவிட்டு மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஒரு கவுண்டி எப்படிச் சாகும் என்பது அவளுக்குத் தெரியும். எண்பத்தைந்தாம் வருடம், அவளுக்கு இருபத்தொரு வயதில், அப்பாவின் பண்ணை ஏலத்துக்குப் போனது. டிராக்டரும் கலப்பையும் போன பிறகு சமையலறை நாற்காலிகளையும் புல்தரையில் வரிசையாக வைத்து ஏலம் போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் விலை கேட்டார்கள். மறு வருடம் அதே ஏலக்காரரின் அலுவலகத்தில் அவள் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் வேலை இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்து, செங்கல் வீடுகள் பழைய கார் விலைக்குப் போவதைத் தட்டச்சு செய்தாள். முதலில் இரும்புக் கடை மூடியது. பிறகு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை எடுத்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தது. எல்லாம் வரிசையாக நடந்தது, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. ஆலை வந்த பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது.

கடந்த மூன்று வருடமாகவோ வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. பலகை நட்ட மறுநாளே வாங்க ஆள் வரும். ஜனவரியில் வணிகர் சங்கத்துக் காலை விருந்துக்கு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வந்து, இந்தக் கவுண்டிக்கு இன்னும் நானூறு வீடு வேண்டும், வேலைவாய்ப்பு உறுதி, எதிர்காலம் வெளிச்சம் என்று திரையில் கோடு கோடாகக் காட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே உள்ளூர் வானொலியில் ஆர்டித்தைப் பேசக் கூப்பிட்டார்கள். வாங்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம், இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளும் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

அவள் கணவன் மெர்ல் அந்த ஆலையில் இருபத்தேழு வருடமாகக் குளிர்சாதன மெக்கானிக். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அதோடு தொழிற்சங்கப் பிரதிநிதி வேறு. ஆலைக்குள் ஒரு கையுறை குறைந்தாலும் அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அவனிடம் சொல்வதும் ஆயிரத்து நூறு பேரிடம் சொல்வதும் ஒன்று.

அன்று மாலை அவன் வந்து பூட்ஸைக் கழற்றும்போது, புதுக் கம்ப்ரஸர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருந்ததை மேலிடம் ரத்து செய்துவிட்டது என்றான். அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"பழசை வெச்சே ஓட்டணுமாம். நானும் பழசு, அதுவும் பழசு. ரெண்டு பேரையும் ஒண்ணா ஓட்டிருவாங்க போலிருக்கு."

ஆர்டித் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கூழாகிப்போன பிறகும் பிசைந்தாள்.

அதற்குப் பிறகு பயம் அவளோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்தது. அலுவலகத்துக்குப் போகும் வழியை மாற்றி, ஆலைப் பக்கமாகக் காரை விட்டு, வாகன நிறுத்தத்தில் வண்டிகள் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போனாள். கொதிகலன் புகை கொஞ்சம் மெலிந்திருந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. மளிகைக் கடையில் பெண்கள் இரண்டு பேர் தலையை ஒட்டவைத்துப் பேசினால் அவள் தள்ளுவண்டியை அங்கேயே நிறுத்திக் காது கொடுப்பாள். தெரிந்துவிட்டதோ என்றும் பயம், தெரியாமலே இருக்கிறார்களே என்றும் பயம்.

அந்தச் சமயத்தில் வால்நட் தெரு வீடு ஒன்று அவள் கையில் விற்பனைக்கு இருந்தது. வெள்ளைச் சாயம் அடித்த மாடி வீடு. சொந்தக்காரர்களான அண்ணனும் தங்கையும் அரிசோனாவில் இருந்தார்கள். வாங்க வந்தவர்கள் ஒத்திலியாவும் அவள் கணவன் நெரியோவும். குவாத்தமாலாவிலிருந்து வந்து ஆலையில் இறைச்சி வெட்டும் வரிசையில் நிற்பவர்கள். ஒன்பது வருடமாக இரண்டு பிள்ளைகளோடு, ஊர் ஓரத்தில் சக்கரம் கழற்றி நிறுத்திய டிரெய்லர் வீட்டில் இருந்தார்கள். ஜனவரிக் கடைசியில் விலை பேசி முடித்தாகிவிட்டது. மார்ச் பதினாலாம் தேதி கையெழுத்து.

ஜோலின் வந்துபோய் ஒன்பது நாள் கழித்து, திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டும் என்று ஒத்திலியா கேட்டாள். ஆர்டித் வீட்டைத் திறந்துவிட்டாள். ஒத்திலியா குட்டையான பெண். நாற்காலி மேல் ஏறி நின்று ஜன்னல் ஜன்னலாக அளந்து கையில் எழுதிக்கொண்டாள். கடைசி ஜன்னலில் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"மிஸ் ஆர்டித், ஆலையைப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்க. ஆலை இருக்குமில்ல?"

"ஆலையைப் பத்தி எனக்கென்ன தெரியும், ஒத்திலியா? நான் வீடு விக்கிறவ."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஒத்திலியா தலையாட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, நின்ற இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். இன்னும் அவளுடையதாகாத நாற்காலி அது.

மறுநாள் ஆர்டித் கல்லறைத் தோட்டத்துச் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு, பெயர் சொல்லாமல், தரகர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில வாரியத்துக்குத் தொலைபேசினாள். ஒரு வாடிக்கையாளர் சொன்ன ரகசியம் இன்னொருவருடைய வாழ்க்கையைப் பாழாக்கும் என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். மறுமுனையில் ஓர் இளம் குரல், ரகசியம் ரகசியம்தான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

மார்ச் முதல் வாரத்தில் மெர்லுக்கு ஒரு வேலை தேடி வந்தது. நாற்பது மைல் தள்ளி, சோளத்திலிருந்து எத்தனால் காய்ச்சும் ஆலையில் தலைமை மெக்கானிக் வேலை. பழைய சிநேகிதன் ஒருவன் சொல்லி வைத்திருந்தான். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கம்மி. எட்டாம் தேதி சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் மெர்ல் அதைப் பற்றியே பேசினான். நாற்பது மைல் பனியில் ஓட்ட வேண்டும், இரண்டு வருடத்தில் கைக்கு வரும் ஓய்வூதியத்தை விட்டுவிட வேண்டும், இத்தனை வயசுக்கு மேல் புது ஆட்களிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஆர்டித் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பாள், ஜோலினின் குரல் காதில் கேட்கும், மூடிக்கொள்வாள். வாங்க வருகிறவர் ஓடிவிட்டால்? தன் ஒரு வார்த்தையால் ஆயிரத்து நூறு அடுப்பு அணைந்துவிட்டால்?

சனிக்கிழமை காலை அவன் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"நீ என்ன சொல்ற, ஆர்டி? எடுக்கட்டுமா, விடட்டுமா?"

"உன் இஷ்டம், மெர்ல்."

"எனக்கு என்னமோ இங்கயே கடைசி வரைக்கும் இருந்துரலாம்னு தோணுது."

அவள் பாத்திரத் துணியை இறுக்கிப் பிழிந்துகொண்டு அவன் பக்கத்திலேயே நின்றாள். அவன் எண்களை அழுத்தி, சிநேகிதனுக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லி வைத்தான். மனசு லேசாகிவிட்டது என்று சொல்லி, இரண்டு முட்டை கூடுதலாகப் போடச் சொன்னான். ஆர்டித் முட்டையை உடைத்தாள். ஓடு வாணலிக்குள் விழுந்தது.

அதற்கு அடுத்த ஆறு நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. கட்டின புருஷனையே குழிக்குள் இறங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாகிவிட்டது, இன்னொரு குடும்பத்தையும் அப்படிப் பார்க்க நேருமே என்ற நினைப்பு அவளை விடவில்லை.

பதினாலாம் தேதி காலை, கையெழுத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்க மூவரும் போனார்கள். ஒத்திலியா ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். நெரியோ முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். ஆர்டித்தின் கையிலிருந்த சாவி பூட்டுத் துவாரத்தைச் சுற்றிச் சுற்றி இடித்ததே தவிர உள்ளே போகவில்லை. ஒத்திலியா அதை மெதுவாக வாங்கித் திறந்தாள்.

உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு ஆர்டித் சொன்னாள். "நானா இருந்தா இன்னிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன்னு கேக்காதீங்க. அடித்தளச் சுவர்ல விரிசல் இருக்குன்னு பரிசோதனைத் தாள்ல எழுதியிருக்கு. அதைக் காரணமா சொன்னா முன்பணம் திரும்பி வந்துரும். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

நெரியோ தன் மொழியில் மனைவியிடம் ஏதோ கேட்டான். ஒத்திலியா ஆர்டித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆலைதானே?"

ஆர்டித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவே போதுமாக இருந்தது.

"மே மாசத்துக்கு அப்புறம் பன்னி ஏத்திட்டு வர வேண்டாம்னு லாரிக்காரர் ஒருத்தருக்குச் சொல்லிட்டாங்களாம்," என்றாள் ஒத்திலியா. "வரிசையில எல்லாரும் பேசினாங்க. நாங்க நம்பல. ரேடியோவில நீங்க பேசினீங்க பாருங்க, அதைத்தான் நம்பினோம். அப்புறமும் உங்ககிட்டயே வந்து கேட்டேன்."

"கேட்ட."

"தெரியாதுன்னு சொன்னீங்க."

"பயமா இருந்துச்சு, ஒத்திலியா. இப்பவும் பயமாத்தான் இருக்கு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னென்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

நெரியோ ஜன்னல் சட்டத்தில் வைத்திருந்த கையை எடுத்தான். அவர்கள் மாடிக்குப் போகவே இல்லை. வாசலில் ஒத்திலியா நின்று, நன்றி என்றும் சொல்லாமல், திட்டவும் செய்யாமல், சாவியை ஆர்டித்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் விற்பனை ரத்தானது. அரிசோனாவிலிருந்து அண்ணன்காரன் தொலைபேசியில் கத்தினான். விரிசலைச் சொல்லித்தான் அவள் சமாளித்தாள்.

சின்ன ஊரில் கையெழுத்து வரைக்கும் வந்த வீடு ஒன்று நின்றுபோனால் சும்மா இருக்காது. அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு பேர், வேறு வேறு காரணம் சொல்லி, பேசிய வீடுகளை வேண்டாம் என்றார்கள். விற்பனை நின்ற மூன்றாம் நாள் ஆலை மேலாளர் கர்ட் ப்ராட்டரே அலுவலகத்துக்கு வந்தார், முன்வாசல் வழியாக. அவர் குரலை உயர்த்தவில்லை. வால்நட் தெரு வீடு ஏன் நின்றது என்று மட்டும் கேட்டார். விரிசல் என்றாள்.

"அந்த விரிசல் முப்பது வருஷமா இருக்கு, ஆர்டித்."

அவள் மேஜையிலிருந்த தாள்களை அடுக்கினாள். அவர் போகாமல் நின்றார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் தன்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே இருக்கிறவனே நடுங்கினால் கீழே இருக்கிறவர்களுக்கு எது பிடிமானம்?

ஏப்ரல் இரண்டாம் தேதி புதன்கிழமை. பதினோரு மணிக்கு மெர்லின் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அன்று தலைவலி என்று ஆர்டித் வீட்டிலேயே இருந்தாள். இருபத்தேழு வருடத்தில் அவன் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மேஜையில் வைத்தான். ஜூன் பத்தொன்பதோடு மூடுகிறார்களாம் என்றான். எல்லோரையும் உணவுக் கூடத்தில் நிறுத்தி வைத்து, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் ஆள் தாளைப் பார்த்துப் படித்தானாம். வாங்க வந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம்.

ஆர்டித் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்து மெர்ல் எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டான்.

"பயப்படாத, ஆர்டி. நாம ரெண்டு பேரும் இதைவிட மோசமானதெல்லாம் பாத்தவங்கதானே."

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டாள். இப்போதாவது சொல் என்று மனசு இடித்தது. அவன் கை முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. அவள் சொல்லவில்லை. அந்த ஏழு வாரத்தில் அவள் செய்தவற்றில் எது மோசம் என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால், அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் சொல்லியிருப்பாள்.

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒத்திலியாவும் நெரியோவும் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தார்கள். சோள மாவில் கறி வைத்து, இலையில் மடித்து வேகவைத்த தமாலே ஒரு பானை நிறைய. மெர்லுக்கு அவர்களை ஆலையில் நன்றாகத் தெரியும். உட்காரச் சொல்லி காப்பி ஊற்றினான். ஒத்திலியா கையைத் துடைத்துக்கொண்டு, தயார் பண்ணிக்கொண்டு வந்தவள் மாதிரி பேசினாள்.

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லல, மிஸ் ஆர்டித். கோபமா இருந்தேன். மார்ச் பதினாலாம் தேதி நீங்க மட்டும் சொல்லலைன்னா, ஒன்பது வருஷமா சேத்து வெச்சதெல்லாம் அந்த வீட்டோட போயிருக்கும். எங்க பிள்ளைங்களுக்கு அது மிஞ்சியிருக்குன்னா உங்களாலதான்."

ஆர்டித்துக்கு மெர்லைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவன் தமாலேயைப் பிரித்துச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், பிள்ளைகளுக்கு இன்னொன்று எடுத்து வைத்தான், அவர்களை வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மார்ச் பதினாலு," என்றான். "நான் அந்த எத்தனால்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னது எட்டாம் தேதி."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"பிப்ரவரியிலயே தெரியும்."

"நீ பக்கத்துல நின்னுட்டிருந்த."

"ஆமா, மெர்ல்."

அவன் மேஜை விரிப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். ஜோலின் சொன்னதையும், வாங்க வந்த ஆளையும், கையெழுத்துப் போட்ட தாளையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அவள் கேட்டாள்:

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ சங்கத்துல சொல்லாம இருந்திருப்பியா?"

"இருந்திருக்க மாட்டேன்," என்றான் உடனே. பிறகு, "ஆனா அதை நான் முடிவு பண்ணியிருக்கணும். நீ இல்ல."

அன்றிலிருந்து அவன் கீழ்த்தள அறையில் படுத்தான். சண்டை போடவில்லை. காப்பி போட்டால் அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தான். உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சு இல்லை. ஆர்டித்துக்கு முன்னாடியே தெரியும் என்ற பேச்சு ஆலையில் பரவியது. கிடங்குக் காவலாளி ஒருவர் காய்கறிக் கடையில் அவளை நிறுத்தி, எங்களுக்கும் ஒரு விரிசலைக் காட்டியிருக்கலாமே என்றார். வேறு யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. ராத்திரி யாராவது கல்லெறிவார்களோ என்று தெருப் பக்கத்து விளக்கை அவள் எரியவிட்டே வைத்தாள். யாரும் எறியவில்லை. எறிந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

மே மாதத்தில் மாநில வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அரிசோனாக்காரன் விஷயத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துப் புகார் கொடுத்திருந்தான். விசாரணை தொலைபேசியிலேயே நடந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு உரிமம் ரத்து. அந்த ஆறு மாதத்தில் உரிமம் இருந்திருந்தாலும் விற்க ஒன்றும் இருந்திருக்காது. ஜூன் முடிவதற்குள் ஊரில் அறுபத்திரண்டு வீட்டு முற்றங்களில் விற்பனைப் பலகை முளைத்தது. ப்ராட்டர் குடும்பம் கருங்கல் மேடையை அப்படியே விட்டுவிட்டு ஒஹையோவுக்குப் போனது. பல் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் திறந்தார். பள்ளிக்கூடத்தில் நான்கு ஆசிரியர்களுக்கு நோட்டீஸ் போனது. எண்பத்தைந்தில் பார்த்த அதே வரிசை, கொஞ்சம் முன்பின்னாக.

ஒத்திலியா குடும்பம் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளே மின்னசோட்டாவில் ஒரு வான்கோழி ஆலைக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மூன்றாம் மாடியில் வாடகை வீடு, அன்றைக்கு அளந்த ஜன்னல்களுக்கு வாங்கின திரைச்சீலை அங்கே கொஞ்சம் நீளம். வால்நட் தெரு வீட்டைப் பேசியதில் பாதிக்கும் குறைவான விலைக்கு, நேரில் வந்தே பார்க்காத வெளிமாநிலத்து ஆள் ஒருவன் வாங்கிப் பூட்டிப்போட்டான்.

ஆலையை வாங்க வந்ததாக ஜோலின் சொன்னாளே ஒருவன், அவன் நிஜமாகவே இருந்தானா, வால்நட் தெரு விற்பனை நின்றதும் காற்றில் பரவிய பேச்சு அவன் காதுக்கு எட்டித்தான் ஓடினானா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜோலினுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டாள் ஆர்டித். பதில் வரவில்லை. காரில் தனியாகப் போகும்போது திடீரென்று அந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்கும். ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் உயரச் சோளம் நிற்கிற சாலையில், மூச்சு ஒழுங்காகும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

எத்தனால் ஆலையில் அந்த வேலை மார்ச்சிலேயே வேறு ஆளுக்குப் போய்விட்டது. மெர்ல் கோடை முழுக்க அலைந்தான். அறுபத்து மூன்று வயதுக்காரனுக்குக் கை குலுக்குவார்கள், பிறகு கூப்பிடுகிறோம் என்பார்கள். செப்டம்பரில் விஸ்கான்சினில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மணி நேரப் பயணம். வாரம் முழுக்க அங்கே ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை வருவான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போவான்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அவன் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். நேரமிருந்தது. ஆர்டித் அவனுக்கு எடுத்துப் போக ரொட்டியில் கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு," என்றான். "இந்த வீட்டை இப்ப வித்தா என்ன வரும்?"

அவள் கையை நிறுத்தினாள். தொழில்காரியாக அவளுக்கு அது மார்ச்சிலிருந்தே தெரியும். சொல்லப் பயந்துதான் இருந்தாள். தொண்ணூற்றாறில் வாங்கின விலைகூட வராது என்றாள். கூரை புதுசு, கொதிகலன் புதுசு, எல்லாம் கணக்கில் ஏறாது.

"கொறைச்சுக் குடுத்தா யாராவது வாங்குவாங்களா?"

"மாட்டாங்க, மெர்ல். வாங்க ஆளே இல்ல. அறுபத்திரண்டு வீட்டுல நம்மது அறுபத்து மூணாவதா நிக்கும்."

"அங்க வீடு வாடகைக்கே எக்கச்சக்கமா கேக்கறான்."

"தெரியும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆறு மாதத்தில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் அவன் பார்த்ததில்லை. அவள் பார்வையை விலக்கவில்லை.

"அப்ப மாட்டிக்கிட்டோம்னு சொல்லு," என்றான்.

"மாட்டிக்கிட்டோம்."

"ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரும்தான்."

அவன் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். வாசலுக்குப் போய், பையைத் தோளில் போட்டவன் திரும்பி வந்து, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றான். முந்தின மூன்று வாரமும் அவன் அப்படிச் சொன்னதில்லை. ஆர்டித் வாசற்படியில் நின்று வண்டி மறையும் வரைக்கும் பார்த்தாள். எதிர் வீட்டு முற்றத்தில் பலகை காற்றில் ஆடியது. அதற்கு அடுத்த வீட்டிலும், அதற்கு அடுத்ததிலும் ஆடியது. அவள் உள்ளே வந்து தொலைபேசியை மேஜைமேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது.